பதிவு பெற்ற கட்டைவிரல்

வீட்டுத் தோட்டத்தில் பூச்சி விழுந்தால், அதற்குத் தகுந்த மருந்தைத் தேர்ந்தெடுத்து, தகுந்த அளவில், தகுந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. பொறுப்புள்ள எந்தக் குடிமகனுக்கும் இருக்காது. எனக்குப் பொறுப்பு கொஞ்சம் அதிகம். நான் வேலை பார்ப்பது ஓர் அச்சகத்தில். மருந்துப் புட்டி, எலி விஷம், ஷாம்பு, தரை கழுவும் திரவம் எல்லாவற்றுக்கும் லேபிள் அடிக்கும் இடம். லேபிளின் அடியில் பொடி எழுத்தில் நாலு வரி இருக்குமே, உலகத்தில் ஒருவரும் படிக்காத அந்த நாலு வரியைப் படித்துப் பிழை திருத்துவது என் தொழில்.

என் மனைவி ஒரு பல் டாக்டரிடம் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெரிய மனிதர்களின் தாடையை அழுத்திப் பிடித்துப் பழகியதில், அவளுடைய வலது கட்டைவிரலுக்குத் தனிப் பலம் வந்திருந்தது. இந்த விவரம் பிற்பாடு அரசாங்கப் பதிவேட்டில் ஏறும் என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

வீட்டின் பின்புறம் பத்தடிக்கு எட்டடியில் அவள் ஒரு பசுமைக்குடில் வைத்திருந்தாள். இரும்புக் குழாய் நட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, வீட்டில் கழற்றிப் போட்ட பழைய குளியலறைக் கதவை வாசலுக்கு மாட்டியிருந்தோம். உள்ளே இருபத்து நான்கு தக்காளிச் செடி. எல்லாம் அந்த வருடம் பூ விட்டு நின்றன.

அவை வெறும் செடிகள் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் எங்கள் மகள் அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. தக்காளி மட்டும் தின்ன வேண்டும் போல இருக்கிறது என்பாள். கடைத் தக்காளியை மூக்குக்குக் கிட்டே கொண்டு போனால், "மருந்து நாத்தம் அடிக்குதும்மா" என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். எடை ஏறவே இல்லையே என்று டாக்டரம்மா இரண்டு முறை சொல்லிவிட்டார். "என் தோட்டத்துப் பழம் வரட்டும், அது நிக்கும் உன் வயித்துல" என்று அவள் அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வெள்ளை ஈ வந்தது.

வெள்ளை ஈ பெயரில்தான் ஈ. கடுகில் பாதி இருக்கும். இலையின் அடிப்பக்கம் குடும்பம் குட்டியோடு உட்கார்ந்து சாறை உறிஞ்சும். இலை முதலில் பிசுபிசுக்கும், பிறகு கறுக்கும், பிறகு காய்ந்துவிடும். என் மனைவி அலட்டிக்கொள்ளவில்லை. விடிகாலைக் குளிரில் அவை பறக்க மாட்டாமல் கிடக்கும் நேரத்தில் குடிலுக்குள் போய், ஒவ்வோர் இலையாகத் திருப்பி, கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு வருவாள்.

"இப்படியே ரெண்டு வாரம் பண்ணினா போதும். கூடக் கொஞ்சம் சோப்புத் தண்ணி தெளிச்சா அடங்கிடும்" என்றாள்.

"கையால நசுக்கறதெல்லாம் ஒரு வழியா? நாம படிச்சவங்க. முறையா ஒரு மருந்து வாங்கி அடிப்போம்" என்றேன்.

"உங்க பொண்ணு திங்கப்போற பழம் அது. மருந்து வாசனை வரக் கூடாது."

"அதுக்குத்தான் சொல்றேன். பாத்து, தேர்ந்தெடுத்து வாங்கணும்."

நியாயம் என் பக்கம் இருந்தது. எங்கள் வீட்டில் நடந்த எல்லாத் தொல்லைகளும் நியாயம் என் பக்கம் இருந்த நாட்களில்தான் தொடங்கியிருக்கின்றன.

பூச்சி மருந்துக் கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "எத்தனை ஏக்கர்?" என்றார்.

"எண்பது சதுர அடி."

அவர் டீயைக் கீழே வைத்தார். "எண்பது சதுர அடிக்கு மூணு சொட்டு போதும் சார். சின்னப் புட்டியே ஒரு லிட்டர். உங்க பேரன் காலம் வரைக்கும் வரும்." பிறகு மேசைமேல் மூன்று புட்டிகளை வரிசையாக வைத்தார். "இது டக்குனு கொல்லும். இது நின்னு கொல்லும். இது கொல்லாது."

"கொல்லாதா?"

"கொல்லாது. ஆனா இப்போ இதுதான் நல்லா ஓடுது. மேலே பச்சை இலை படம் போட்டிருக்கான் பாருங்க. வாங்கிட்டுப் போறவங்களுக்கு ஒரு மன நிம்மதி."

நான் மூன்றையும் எடுத்து, பழக்க தோஷத்தால், அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். மூன்றிலும் ஒரே வரி இருந்தது. 'இல்லம் சார்ந்த மூடிய அமைப்புகளில் பயன்படுத்துவோர் உரிய அலுவலகத்தின் முன் ஒப்புதல் பெறுதல் வேண்டும்.'

"இதுக்கு ஒப்புதல் வாங்கணும்னு போட்டிருக்கே?"

கடைக்காரர் புட்டியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இருபது வருஷமா விக்கறேன். இதைப் படிச்ச முதல் ஆள் நீங்கதான். படிச்சது படிச்சீங்க, படிக்காத மாதிரி வீட்டுக்குப் போயிடுங்க சார்" என்றார்.

என்னால் அது முடியாது. நான் படித்தவன்.

இல்லப் பயிர் நலன் மற்றும் சிற்றுயிர்க் கட்டுப்பாட்டு அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. நான் போனபோது கண்காணிப்பாளர் தன் மேசையில் ஊர்ந்த எறும்புகள் கடந்து போகும் வரை கோப்புக் கட்டைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். அவை போனபிறகு கோப்புக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, என் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். ரொம்ப மரியாதையானவர். கடைசி வரை ஒரு கடுமையான வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

"குடிலுக்குக் கதவு இருக்கா?"

"இருக்கு சார். பழைய பாத்ரூம் கதவு."

"கூரை?"

"பிளாஸ்டிக் கூரை."

"அப்போ வீடு" என்று எழுதினார். "தரை?"

"மண்ணுதான்."

"அப்போ வயல்." அதையும் எழுதினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "வீடுன்னா கரப்பான் மருந்து அடிக்கலாம். வயல்னா வயல் மருந்து அடிக்கலாம். உங்களுது ரெண்டுமா இருக்கறதால ரெண்டையும் அடிக்க முடியாது."

"அப்போ சோப்புத் தண்ணியாவது தெளிக்கலாமா?"

"சோப்பு நீங்க மூஞ்சி கழுவறதுக்கு அனுமதிச்சது. பூச்சி மூஞ்சி கழுவறதுக்கு இல்லை." அவர் பக்கத்தைத் திருப்பினார். "சரி, ஒன்பதாவது கட்டம். இதுவரை கையாண்ட கட்டுப்பாட்டு முறை?"

இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். 'இல்லை' என்று மூன்று எழுத்தைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் விண்ணப்பத்தின் கீழே 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்று இருந்தது. அதை நான் முன்னாலேயே படித்துவிட்டேன்.

"என் மனைவி கட்டைவிரலால நசுக்கறா சார்."

பேனா நின்றது. "பூச்சி சாகுதா?"

"நல்லாவே சாகுது."

அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தடித்த சட்டப் புத்தகத்தை எடுத்து வந்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, எனக்கும் கேட்கும்படி வாசித்தார். "'பூச்சிகளைக் கொல்லும், விரட்டும், தடுக்கும், அல்லது மனம் தளரச் செய்யும் எப்பொருளும் பூச்சிக்கொல்லி எனக் கொள்ளப்படும்.' கட்டைவிரல் ஒரு பொருளா, இல்லையா?"

"பொருள்தான்... ஆனா சார்..."

"பதிவு பண்ணியிருக்கா?"

"இல்லை."

"அப்போ பதிவு பெறாத பூச்சிக்கொல்லி. வீட்டுல எங்கே வெச்சிருக்கீங்க?"

"கையிலதான் சார் இருக்கு."

"பூட்டு கீட்டு?"

"இல்லை."

"சாப்பாட்டுப் பொருள்கிட்ட கொண்டு போகாம பாத்துக்கறீங்களா?"

"சமையலே அந்தக் கையாலதான் சார்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இத்தனை வருடம் இந்தக் குடும்பம் எப்படி உயிரோடு இருந்தது என்ற கவலைதான் இருந்தது. உடனே ஒரு தாளை எடுத்துப் பயன்பாட்டு நிறுத்த உத்தரவு எழுதினார். பதிவு முடியும் வரை மேற்படி கட்டைவிரலை மேற்படி குடிலில் பயன்படுத்தக் கூடாது.

"ஆள்காட்டி விரல் சார்?"

"அதுக்குத் தனி விண்ணப்பம்."

வீட்டுக்கு வந்து உத்தரவைக் காட்டினேன். என் மனைவி முதலில் சிரித்தாள். முத்திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நீங்களாப் போயி சொன்னீங்களா?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"யாரு கேட்டா?"

"ஒன்பதாவது கட்டம்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பல் டாக்டரிடம் வருகிறவர்களின் வாயில் எந்தப் பல்லைப் பிடுங்குவது என்று பார்க்கும் பார்வை அது. "நான் நாளைக்குக் காலையில வழக்கம்போல போகத்தான் போறேன்" என்றாள்.

போக முடியவில்லை. மறுநாள் விடிவதற்குள் அலுவலகத்திலிருந்து முத்திரைக்காரர் வந்துவிட்டார். கட்டைவிரலைச் சுற்றி நாடா கட்டி, முடிச்சின்மேல் அரக்கு வைத்து, "சூடு தாங்குவீங்களாம்மா?" என்று பரிவோடு கேட்டு, முத்திரை குத்திவிட்டுப் போனார். அன்று ஆஸ்பத்திரியில் மூன்று பேரின் தாடையைப் பல் டாக்டரே பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

வெள்ளை ஈக்களுக்கு யாரும் முத்திரை வைக்கவில்லை. இரண்டு வாரத்தில், குடில் கதவைத் திறந்தால் முகத்தில் அப்பின. ஐந்து செடிகள் போயின. மகள் வந்து குடிலின் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "எப்பம்மா பழுக்கும்?" என்று கேட்டாள். கழுத்தெலும்பு தெரிந்தது. அவள் அம்மா முத்திரை வைத்த விரலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாள்மா" என்றாள். அன்றே அலுவலகத்துக்கு ஓடி, கண்காணிப்பாளரிடம் கையைக் கூப்பினேன்.

"நீங்க இவ்வளவு அக்கறையா இருக்கறதால துரிதப் பரிசோதனை போட்டுடறேன்" என்றார்.

முத்திரையை உடைத்து, துரிதப் பரிசோதனையை மூன்று வாரம் நடத்தினார்கள். மீதமிருந்த பத்தொன்பது செடிகளில் ஒன்பதுக்குக் கட்டைவிரல். பத்துக்கு ஒன்றும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். ஒன்றும் கிடையாத பத்தும் விதிமுறைப்படி செத்தன. அவை செத்தது பரிசோதனையின் வெற்றி என்று அறிக்கையில் எழுதினார்கள். கட்டைவிரல் கழுவிய தண்ணீரைப் புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். உப்பு, வெங்காயம், பல் டாக்டர் கையுறைப் பவுடர் மூன்றும் கண்டறியப்பட்டன. மனிதருக்குத் தீங்கு விளைவிக்குமா என்ற கேள்விக்கு, 'கணவரிடம் விசாரிக்கவும்' என்று ஆய்வகம் எழுதியிருந்தது.

கடைசியாக லேபிள். பூச்சிக்கொல்லி என்றால் அதன்மேல் லேபிள் இருந்தாக வேண்டும். என் தொழில் அதுதான் என்று கேள்விப்பட்டதும் கண்காணிப்பாளருக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மனைவியின் கட்டைவிரலைச் சுற்றி ஒட்டும் அளவுக்கு, என் வாழ்நாளிலேயே மிகப் பொடியான எழுத்தில், நானே அச்சடித்தேன். அடக்கமாகச் சொல்கிறேன், ஒரு பிழை கிடையாது.

செயல்படும் பொருள்: வலது கட்டைவிரல், ஒன்று. நிரப்புப் பொருள்: மனைவி. பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்கவும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். வெயிலில் படாமல் பாதுகாக்கவும். காலியானதும் நசுக்கிப் புதைத்துவிடவும்.

அவள் பூதக்கண்ணாடி வைத்து முழுவதும் படித்தாள். "நிரப்புப் பொருளா நானு?"

"சட்டப்படி அப்படித்தான் போடணும். விரல்தானே வேலை செய்யுது?"

"இந்த வீட்டுல இருபத்தெட்டு வருஷமா யாரு நிரப்புப் பொருள்னு அந்த ஆபீசருக்குத் தெரியாது போல. யாரை யாரு நசுக்கிப் புதைக்கறதுன்னும் ஒரு நாள் பாத்துக்கறேன்."

ஆனால் அனுமதி கிடைத்த மறுநாள் விடிகாலை அவள் குடிலுக்குள் போனாள். ஒரு வாரம். மீதமிருந்த ஒன்பது செடிகளும் தலை தூக்கின. மணி மணியாகக் காய் பிடித்திருந்தது. இத்தோடு நல்லபடியாக முடிந்திருக்க வேண்டியது. முடிய விடாமல் செய்தவன் என் மச்சினன்.

அவளுடைய தம்பி. தெருவில் அவனுக்குப் பெயர் 'புதுசு'. எது புதிதாக வந்தாலும் அவன் உடம்பில்தான் முதலில் வந்து இறங்கும். ஒரு வருடம் வெள்ளரிக்காய்த் தண்ணீர் மட்டும் குடித்தான். அடுத்த வருடம் செருப்பில்லாமல் பின்பக்கமாக நடந்தான். குப்பை வண்டியில் மோதி அதை நிறுத்தினான். அக்காவின் விரலில் லேபிளைப் பார்த்ததும் அவனுக்குக் கண் பளபளத்தது.

"அக்கா, ரசாயனமே இல்லாத, கையால செஞ்ச, அரசாங்கமே ஒத்துக்கிட்ட கட்டைவிரல்! இதோட அருமை தெரியாம நீ மாவு பிசைஞ்சிட்டு இருக்க!"

மறுநாளே அவன் இரண்டு கட்டைவிரலையும் பதிவு செய்ய எழுதிப் போட்டான். லேபிள் ஒட்டிய விரலைத் தூக்கிக் காட்டிப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். அலுவலகத்துக்கும் குஷி பிறந்துவிட்டது. முதல் விரலுக்கு ஐந்து வாரம் எடுத்தவர்கள், அதற்கப்புறம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு விரல் பதிவு செய்தார்கள். எதிர்வீட்டு அழகு நிலையக்காரி லேபிள் கசங்காமல் இருக்க நகத்துக்கு மெருகு போட்டுக் கொடுத்தாள். மாப்பிள்ளை பார்க்க வந்த ஒரு குடும்பம், "பையனுக்கு எத்தனை விரல் பதிவு?" என்று கேட்டதாகக் கேள்வி. பதிவு செய்யாதவர்கள் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார்கள். நானும் எத்தனை நாள் பைக்குள் வைத்துக்கொண்டிருப்பது? பதிவு செய்துகொண்டேன்.

அனுமதிச் சீட்டின் பின்பக்கம் பதினான்காவது நிபந்தனை இருந்தது. படித்தவன் நான் ஒருவன்தான். 'உரிமம் பெற்றோர் மாதந்தோறும் இருபது பூச்சிகளுக்குக் குறையாமல் கட்டுப்படுத்தி அறிக்கை அளித்தல் வேண்டும். தவறினால் பதிவு நீக்கப்பட்டு, விரலின் படம் அலுவலக வாசலில் ஒட்டப்படும்.'

முதல் மாதம் எல்லாரும் உற்சாகமாக நசுக்கினார்கள். இரண்டாவது மாதம் தெருவில் நசுக்கப் பூச்சி இல்லை. செடியே இல்லாதவர்கள் செடி வாங்கினார்கள். வாங்கிய செடியில் பூச்சி வரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டார்கள். ஒரு நாள் அலுவலக வாசலில் முதல் விரல் ஒட்டப்பட்டது. பாவம், எங்கள் தெருத் தையற்காரருடையது. படத்துக்குக் கீழே 'தகுதியிழந்த விரல்' என்று எழுதியிருந்தது. அவர் வேறு விரலைப் பதிவு செய்துகொண்டு கடை திறக்க மூன்று நாள் ஆயிற்று.

அப்போதுதான் புதுசுக்கு ஒரு யோசனை வந்தது. தெருவிலேயே வெள்ளை ஈ மிச்சமிருந்த ஒரே இடம் எங்கள் குடில். அவள் எவ்வளவு தேய்த்தும் ஓரத்து இலைகளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அக்கா, நீ கொஞ்சம் கையைக் கட்டிக்கிட்டு இரு. அதுங்க பெருகட்டும். ஆளுக்கு இருபது எடுத்துக்கறோம்."

"டேய், உன் அக்கா பொண்ணு வாந்தி எடுத்துச் சாகறா. அவளுக்காக வளக்கற செடிடா இது."

"செடி எங்கேயும் போகலையே அக்கா. பூச்சி தின்னது போக மீதி அவளுக்குத்தானே?"

அவள் துடைப்பத்தை எடுத்தாள். அவன் நேராக அலுவலகத்துக்குப் போனான். நாலு நாளில் உத்தரவு வந்தது. எங்கள் குடில் 'சிற்றுயிர் இருப்பு மையம்' என அறிவிக்கப்பட்டது. உள்ளே இருக்கும் ஒன்பது தக்காளிச் செடிகளும் 'பூச்சித் தீவனம்' எனப் பதிவு மாற்றம் செய்யப்பட்டன. என் மனைவியும் மாதத்துக்கு இருபதுக்கு மேல் நசுக்கக் கூடாது. நசுக்கினால் அது பிறர் பங்கைப் பறித்ததாகும்.

அப்புறம் தினமும் காலையில் பின்பக்கச் சந்தில் வரிசை. கையில் மூடி போட்ட டப்பா. கண்காணிப்பாளரும் வந்து நின்றார். தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி முன்னால் வரவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நானும் நின்றேன். சொந்த வீட்டுக் குடிலுக்குச் சொந்த வீட்டின் பின்னால் வரிசையில் நிற்கிறாரே மனிதர் என்று எல்லாரும் என்னை மெச்சினார்கள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் மட்டும் மெச்சவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம். வயிறு மட்டும் பெரிதாக, மற்றபடி ஈர்க்குச்சி. வரிசையைப் பார்த்தாள். நேராகக் குடில் கதவைத் திறந்து உள்ளே போனாள். காய்ந்த இலைகளுக்கு நடுவில் ஒரே ஒரு தக்காளி பழுத்திருந்தது. எப்படித் தப்பியதோ. பறித்தாள். முகர்ந்து பார்த்தாள். துப்பட்டாவில் துடைத்து, நின்ற இடத்திலேயே கடித்தாள்.

என் மனைவி ஓடி வந்து பக்கத்தில் நின்றாள். மகள் முழுவதையும் தின்றாள். சாறு முழங்கை வரை வழிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். வாந்தி வரவில்லை.

"நிக்குதும்மா" என்றாள்.

அவள் அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. என் கண்ணிலிருந்தும்தான். அதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நான் செய்ததைப் படித்தபின் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது.

"அந்தக் கிளையில மட்டும் முப்பது இருந்துச்சு. கையை விட்டுக் கலைச்சிட்டா" என்றார் தையற்காரர்.

"தீவனத்தைத் தின்னுட்டாளே! பூச்சி எதைத் தின்னும்?" என்றாள் அழகு நிலையக்காரி.

"என் அக்கா மகதான், இல்லேன்னு சொல்லலை. அதுக்காகச் சட்டத்தை விட்டுட முடியுமா?" என்றான் புதுசு.

எல்லாரும் கண்காணிப்பாளரைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் தடித்த புத்தகம் அவர் கையில் இருந்தது. வருத்தத்தோடு புரட்டினார். "'பதிவு பெற்ற செடியை உரிமையின்றித் தின்னும் எவ்வுயிரும் பூச்சி எனக் கொள்ளப்படும்.' எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, 'எவ்வுயிரும்'னு போட்டிருக்கு" என்றார்.

"அப்போ அவ வயித்துல இருக்கறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுவும் சேர்ந்துதானே தின்னிருக்கு? ரெண்டு பூச்சி."

புகார் ஒன்று உடனே தயாராயிற்று. குடிலில் இரண்டு பெரிய பூச்சிகளின் நடமாட்டம் காணப்படுவதாகவும், உரிய நடவடிக்கை வேண்டும் என்றும் எழுதி, வரிசையில் கை மாற்றிக் கை மாற்றி அனுப்பினார்கள். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். தாள் என்னிடம் வந்தது. முழுவதும் படித்தேன். ஓர் இடத்தில் கால்புள்ளி விட்டுப்போயிருந்தது, போட்டேன். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. ஆனால் எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றிருந்தார்கள். வாசலில் ஒட்டிய தையற்காரரின் விரல் வேறு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கையெழுத்துப் போட்டுப் பின்னால் கொடுத்தேன்.

என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். குடிலின் பிளாஸ்டிக் தாளை மேலிருந்து கீழாக, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கிழித்துவிட்டாள். பிறகு செடிகளைப் பிடித்து ஓர் உலுக்கு.

வெள்ளை ஈக்கள் புகையாகக் கிளம்பின. மதிலைத் தாண்டின. காற்று அவற்றை வாரிச் சந்துப் பக்கம் கொண்டு போயிற்று.

"ஐயோ, என் இருபது!" என்று கத்தினான் புதுசு. அவ்வளவுதான். டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு, லேபிள் ஒட்டிய கட்டைவிரல்களை நீட்டிக்கொண்டு தெருவே ஓடியது. தையற்காரர் ஓடினார், அழகு நிலையக்காரி ஓடினாள், கண்காணிப்பாளர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

மகள் குடிலுக்குள்ளேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மஞ்சளடித்த காய் ஒன்றையும் தின்றாளாம். அதுவும் நின்றதாம். வயிற்றில் குழந்தை முதல்முறையாக நன்றாக உதைத்ததாம். அம்மாவும் பெண்ணும் கையை வைத்துப் பார்த்து வெகுநேரம் சிரித்தார்களாம். இதெல்லாம் பிற்பாடு கேள்விப்பட்டதுதான். நான் அங்கே இல்லை. அந்த நேரம் நான் மூன்றாவது சந்து திரும்பி ஓடிக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டுச் செடியில் வெள்ளை ஈ இருந்தால், தயவு செய்து நீங்களாக ஒன்றும் செய்துவிடாதீர்கள். விலாசத்தை மட்டும் தெரிவியுங்கள். எனக்கு இந்த மாதம் இன்னும் நான்கு குறைகிறது.